யாருடைய ஆபத்து? இங்கிலாந்தின் குழந்தைப் பாதுகாப்புத் துறையும் அதன் பயங்களும்

2007 ஜூலை 30. வட லண்டனின் ஹாரிங்கே பகுதியில் ஒரு வீடு. சமூகப் பணியாளர் உள்ளே வருகிறார். 17 மாதக் குழந்தை தள்ளுவண்டியில் உட்கார்ந்திருக்கிறது. முகமெல்லாம் சாக்லேட், கையெல்லாம் சாக்லேட். பிஸ்கட் தின்ற குழந்தை வேறெப்படி இருக்கும்? துடைத்துவிடச் சொல்கிறார். வீட்டிலிருந்த ஒருவர் குழந்தையை அழைத்துப் போகிறார். பணியாளர் கிளம்பும்வரை அது திரும்பி வரவில்லை. இவை பின்னர் வழக்கு விசாரணையில் வெளிவந்தவை.

சாக்லேட்டுக்கு அடியில் இருந்தவை காயங்கள். ஆகஸ்ட் 3 அன்று குழந்தை இறந்துபோனது. பெயர் பீட்டர் கானலி. பெயரை வெளியிடக் கூடாது என்ற நீதிமன்ற உத்தரவு இருந்ததால் பத்திரிகைகள் முதலில் 'பேபி பி' என்று எழுதின. உடலில் 50-க்கும் மேற்பட்ட காயங்கள். அதற்கு முந்தைய எட்டு மாதத்தில் மருத்துவர், செவிலியர், போலீஸ், சமூகப் பணியாளர் என்று யாராவது ஒருவர் ஏறத்தாழ 60 தடவை அந்தக் குழந்தையைப் பார்த்திருந்தார்கள்.

60 தடவை பார்த்தும் எப்படித் தெரியாமல் போனது? நாடே கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு நாடு கண்டுபிடித்த பதில், அதாவது 'யாரோ வேலையை ஒழுங்காகப் பார்க்கவில்லை, அவரைத் தூக்கு' என்ற பதில், அடுத்த குழந்தையைக் காப்பாற்றுவதை இன்னும் கடினமாக்கிவிட்டது என்பது என் எண்ணம். ஏன் என்று பார்ப்போம்.

முதலில் இந்த இயந்திரம் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. இங்கிலாந்தில் குழந்தைப் பாதுகாப்பு உள்ளூர் கவுன்சில்களின் பொறுப்பு. அடிப்படைச் சட்டம் 1989-ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம். அதில் இரண்டு பிரிவுகளை அந்தத் துறையில் எல்லோரும் எண்ணாலேயே சொல்வார்கள். 17 என்றால் உதவி தேவைப்படும் குழந்தை. 47 என்றால் 'கணிசமான தீங்கு' நேர்கிறது அல்லது நேரக்கூடும் என்று சந்தேகிக்கக் காரணம் உள்ள குழந்தை. பள்ளியிலிருந்தோ ஆஸ்பத்திரியிலிருந்தோ பக்கத்து வீட்டிலிருந்தோ தகவல் வந்தால், என்ன செய்வது என்று ஒரு வேலை நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும். விசாரணை 47-க்குப் போனால் போலீஸ், மருத்துவத் துறையோடு கலந்தாலோசனை. பிறகு 15 வேலை நாளுக்குள் ஒரு கூட்டம். அதில் பெற்றோர், ஆசிரியர், செவிலியர் எல்லோரும் உட்கார்ந்து, குழந்தைக்குப் பாதுகாப்புத் திட்டம் போடுவதா வேண்டாமா என்று தீர்மானிப்பார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். இதில் எந்தக் கட்டத்திலும் சமூகப் பணியாளர் தன் இஷ்டத்துக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அவசரம் என்றால் போலீஸ் 72 மணி நேரம் வரை பாதுகாப்பில் வைக்கலாம். நீதிமன்றத்தின் அவசர உத்தரவு வாங்கினால் எட்டு நாள், அதன்மேல் ஒரு தடவை ஏழு நாள் நீட்டிப்பு. அதற்கு மேல் முறையான வழக்குதான். லண்டனில் ஈஸ்ட் ஹாம், ஹாரோ பக்கம் உள்ள தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில் 'சோஷியல்' என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்றே அர்த்தம். அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. சட்டம் அவ்வளவு சுலபமாக வழிவிடுவதில்லை என்பதும் உண்மை.

சரி, இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு ஊரில் 10,000 குழந்தைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் 100 பேர் கடுமையான ஆபத்தில் இருக்கிறார்கள். உங்களிடம் நூற்றுக்குத் தொண்ணூறு சரியாகச் சொல்லும் ஒரு சோதனை இருக்கிறது. (நிஜத்தில் அப்படி ஒன்று கிடையாது. இருப்பதாகவே வைத்துக்கொள்வோம்.) அந்த 100 பேரில் 90 பேரை அது பிடித்துவிடும், 10 பேர் தப்பிப் போவார்கள். மிச்சமுள்ள 9,900 பேரில் பத்தில் ஒரு பங்கை, அதாவது 990 பேரை, தவறாக 'ஆபத்து' என்று காட்டும். ஆக, சிவப்பு விளக்கு எரிவது 1,080 பேருக்கு. அவர்களில் உண்மையிலேயே ஆபத்தில் உள்ளவர்கள் 90 பேர், பன்னிரண்டில் ஒருவர்.

மற்ற பதினோரு வீடுகளிலும் கதவு தட்டப்படும். அங்கே தாய் நடுங்குவார். பள்ளிக்கூடத்தில் பேச்சு பரவும். சோதனையைக் கறாராக்கி அந்தப் பதினொன்றைக் குறைக்கப் பார்த்தால் தப்பிப்போகும் 10 பேர் 20, 30 என்று ஏறுவார்கள். ஒன்றை இறக்கினால் மற்றது ஏறும். அபூர்வமாக நடக்கும் எதையும் முன்கூட்டிச் சொல்ல முயலும்போது இந்தக் கணக்கிலிருந்து யாருக்கும் தப்பில்லை, அவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும். சமூகப் பணியாளரின் நிலைமை மத்தளம் போல இரண்டு பக்கமும் இடிபடுவது. எடுக்காமல் விட்டால் 'ஏன் விட்டாய்', எடுத்தால் 'ஏன் எடுத்தாய்'.

இங்கிலாந்து இந்த இரண்டு இடிகளையும் மாறி மாறி வாங்கியிருக்கிறது. 1973-இல் பிரைட்டனில் ஏழு வயது மரியா கோல்வெல், வளர்ப்புக் குடும்பத்திலிருந்து தாயிடம் திருப்பி அனுப்பப்பட்ட பிறகு, மாற்றாந்தந்தை அடித்ததில் இறந்தாள். அக்கம்பக்கத்தார் பலமுறை புகார் சொல்லியிருந்தார்கள். அந்த விசாரணைக்குப் பிறகுதான் ஆபத்திலுள்ள குழந்தைகளின் பதிவேடுகளும், பல துறைகள் ஒன்றாகக் கூடும் குழுக்களும் நாடு முழுக்க வந்தன. பதினாலு வருஷம் கழித்துக் காற்று எதிர்த்திசையில் அடித்தது. 1987-இல் வடகிழக்கே கிளீவ்லாந்தில் சில மாதங்களுக்குள் 121 குழந்தைகள் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாக இரண்டு மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். பலரைப் பெற்றோரிடமிருந்து பிரித்தார்கள். ஆஸ்பத்திரி வார்டில் இடமில்லாத அளவுக்குக் கூட்டம். பிற்பாடு பெரும்பாலான குழந்தைகளை நீதிமன்றங்கள் வீட்டுக்குத் திருப்பி அனுப்பின. நீதிபதி எலிசபெத் பட்லர்-ஸ்லாஸ் 1988-இல் அறிக்கை தந்தார். குழந்தை என்பது ஒரு மனிதப் பிறவி, நம் கவலைக்கான பொருள் அல்ல என்பது அதன் சாரம். 1989 சட்டத்தில் பெற்றோரின் உரிமைக்குக் கிடைத்த இடத்துக்கு இந்த விவகாரமும் ஒரு காரணம்.

அப்புறம் விக்டோரியா கிளிம்பியே. ஐவரி கோஸ்ட்டில் பிறந்தவள். நல்ல படிப்பு கிடைக்கும் என்று நம்பிப் பெற்றோர் உறவுக்காரப் பெண்ணோடு ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். 1999-இல் லண்டன் வந்தாள். 2000 பிப்ரவரி 25 அன்று, எட்டு வயதில், 128 காயங்களோடு இறந்தாள். நான்கு கவுன்சில்களின் சமூக சேவைத் துறைகள், இரண்டு ஆஸ்பத்திரிகள், போலீஸின் இரண்டு குழந்தைப் பாதுகாப்புப் பிரிவுகள் அவளைப் பற்றி அறிந்திருந்தன. 2003-இல் லார்ட் லாமிங் அளித்த அறிக்கை, அவளைக் காப்பாற்ற 12 வாய்ப்புகள் கைநழுவியதாகச் சொன்னது. அவற்றுக்கெல்லாம் பெரிய நிபுணத்துவம் தேவைப்படவில்லை என்பதுதான் வேதனை. மேலதிகாரி ஃபைலைப் பிரித்துப் படித்திருந்தாலோ, ஒரு நேரடிக் கேள்வி கேட்டிருந்தாலோ சில இடங்களில் போதுமாயிருக்கும்.

அதில் ஒரு விஷயத்தைப் படித்தபோது மனதில் ஒட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் ஒரு மருத்துவர் அவள் உடம்பில் இருந்தவற்றைச் சிரங்கு என்று முடிவு செய்திருந்தார். அந்தச் சொல் ஃபைலோடு பயணித்தது. வீட்டைப் பார்க்கப் போக வேண்டிய போலீஸ் அதிகாரி, சிரங்கு ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து போகாமல் விட்டார். சமூகப் பணியாளரும் அந்தப் பயத்தில்தான் இருந்தார். அவர் அனுபவம் குறைந்தவர். கையில் 19 கேஸ்கள், துறை நிர்ணயித்த அளவைவிட அதிகம். ஆபத்தை அளப்பது என்று நாம் பெரிதாகப் பேசுகிறோம். அங்கே அளக்கப்பட்டது தனக்குச் சிரங்கு வருமா என்ற ஆபத்து.

லாமிங் 108 பரிந்துரைகள் தந்தார். அரசு சட்டம் கொண்டுவந்தது, படிவங்கள் வந்தன, கெடுக்கள் வந்தன, கணினி மென்பொருள் வந்தது. நாட்டிலுள்ள எல்லாக் குழந்தைகளின் அடிப்படை விவரமும் ஓரிடத்தில் இருக்கும்படி 'கான்டாக்ட்பாயின்ட்' என்ற தரவுத்தளம் கட்டினார்கள். செலவு 22 கோடி பவுண்டுக்கு மேல். இத்தனைக்கும் நடுவில், விக்டோரியா வாழ்ந்த அதே ஹாரிங்கேயில்தான் பீட்டர் இறந்தான். அதைவிட ஒன்று: அவன் இறந்த 2007-ஆம் ஆண்டின் முடிவில் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்ஸ்டெட், ஹாரிங்கே குழந்தைகள் துறைக்கு 'நன்று' என்று மதிப்பெண் போட்டது. ஓராண்டு கழித்து, பீட்டரின் சாவுச் செய்தி பத்திரிகைகளில் வெடித்த பிறகு நடந்த அவசர ஆய்வில் அதே துறை படுமோசம் என்றானது. முதல் தடவை பார்த்தது காகிதங்களை. காகிதத்தில் எல்லாம் கெடு தவறாமல் முடிந்திருந்தது.

2008 நவம்பரில் பீட்டர் வழக்கில் தீர்ப்பு வந்ததும் நடந்தது ஒரு வேட்டை. 'தி சன்' பத்திரிகை சமூகப் பணியாளர்களைப் பதவிநீக்கக் கோரிக் கையெழுத்து இயக்கம் நடத்தியது. பத்து லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். டிசம்பர் 1 அன்று அமைச்சர் எட் பால்ஸ், தொலைக்காட்சிகள் நேரலையில் காட்டிய பத்திரிகையாளர் சந்திப்பில், ஹாரிங்கே குழந்தைகள் துறையின் இயக்குநர் ஷாரன் ஷூஸ்மித்தைப் பதவியிலிருந்து நீக்குவதாக அறிவித்தார். ஷூஸ்மித் வழக்குப் போட்டார். 2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த நீக்கம் சட்டவிரோதம் என்றது. அவர் தரப்பைக் கேட்கவே இல்லை என்பது முக்கியக் குறை. கடைசியில் அவருக்கு ஆறு லட்சம் பவுண்டுக்கு மேல் இழப்பீடு போனது. அவர் நிர்வாகத்தில் குறை இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. குறை இருந்தது. ஆனால் அந்த நேரலையை நாடெங்கும் இருந்த சமூகப் பணியாளர்களும் அவர்களின் மேலாளர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கற்ற பாடம் வேறு.

பாடம் எண்ணிக்கையில் தெரிந்தது. குழந்தையைத் தங்கள் பொறுப்பில் எடுக்கக் கோரி கவுன்சில்கள் நீதிமன்றத்தில் போட்ட மனுக்கள் 2008-09-இல் 6,500-ஐ ஒட்டி இருந்தன. அடுத்த ஆண்டே 8,800-ஐத் தாண்டின. 2011-12-இல் 10,000-க்கும் மேல். அந்த மூன்று வருஷத்தில் இங்கிலாந்துப் பெற்றோர் திடீரென்று கொடியவர்களாகிவிட்டார்களா? முன்பு கவனிக்காமல் விட்ட சில குழந்தைகளுக்கு இதில் நன்மை கிடைத்திருக்கும், அதை மறுக்க முடியாது. ஆனால் ஏற்றத்தின் பெரும் பகுதிக்குக் காரணம், முடிவெடுக்கிறவர்களின் வயிற்றில் புளி கரைந்ததுதான். 47-ஆம் பிரிவு விசாரணைகளும் அப்படியே. 2009-10-இல் 90,000-ஐ ஒட்டி இருந்தவை, 2022-23-இல் 2,25,000-ஐ ஒட்டி வந்துவிட்டன. அவற்றில் மூன்றில் ஒரு பங்கு அளவே பாதுகாப்புக் கூட்டம் வரை போகிறது. மற்றக் குடும்பங்களுக்கு விசாரணை முடிந்தது என்று ஒரு கடிதம்; உதவி என்று பெரிதாக ஒன்றும் கிடைப்பதில்லை.

இங்கேதான் 'ஆபத்து மேலாண்மை' என்ற சொல்லைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். யாருடைய ஆபத்தை மேலாண்மை செய்கிறார்கள்? குழந்தைக்கு வரும் ஆபத்து ஒன்று. ஃபைலில் கையெழுத்துப் போட்டவருக்கு வரும் ஆபத்து இன்னொன்று. இரண்டும் ஒன்றல்ல. பாதி நேரம் ஒன்றுக்கொன்று எதிர். பெட்டியை டிக் அடிப்பது, மின்னஞ்சலில் 'தெரிவித்துவிட்டேன்' என்று ஒரு வரி போட்டு வைப்பது, பிரச்சினையை இன்னொரு துறைக்குத் தள்ளிவிடுவது, இதெல்லாம் இரண்டாவது ஆபத்தைக் குறைக்கும். முதலாவதை அல்ல.

இதை யாரோ வெளியாள் சொல்லவில்லை. லண்டன் பொருளியல் கல்லூரியின் பேராசிரியர் ஐலீன் மன்ரோ, முன்னாள் சமூகப் பணியாளர், அரசு கேட்டுக்கொண்டதன்பேரில் 2011-இல் தந்த அறிக்கையின் மையமே இதுதான். துறை 'வேலையைச் சரியாகச் செய்வதில்' மூழ்கிவிட்டது, 'சரியான வேலையைச் செய்கிறோமா' என்பதை மறந்துவிட்டது என்றார். ஒரே ஒரு உதாரணம் போதும். 1974-இல் ஏழு பக்கமாக இருந்த குழந்தைப் பாதுகாப்பு வழிகாட்டி, 2010-க்குள் 390 பக்கமாகப் பெருத்திருந்தது. முதல் மதிப்பீட்டுக்குப் பத்து நாள், விரிவான மதிப்பீட்டுக்கு 35 நாள் என்று தேசியக் கெடு. மென்பொருள் அந்த நாட்களை எண்ணும். கெடு நெருங்கும் கேஸ் திரையில் நிறம் மாறும். பணியாளர் வெளியே போவாரா, நாற்காலியில் உட்கார்ந்து நிறத்தை மாற்றுவாரா?

வீட்டுக்குப் போவது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். கதவைத் திறக்கிற அம்மா சிரிக்கிறார், டீ போடட்டுமா என்கிறார். வீடு நேற்றுத்தான் கூட்டிப் பெருக்கியது போல இருக்கிறது. நன்றாகப் பேசுகிற பெற்றோரை நம்பிவிடும் இயல்பு எல்லோருக்கும் உண்டு. ஒத்துழைப்பது போல நடித்து அதிகாரியைத் தள்ளி வைப்பதும் உண்டு. துறைக்காரர்கள் இரண்டுக்கும் தனித்தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். இவற்றைக் கடக்க, மாடிக்குப் போய்க் குழந்தை தூங்கும் படுக்கையைப் பார்க்க வேண்டும். அம்மா இல்லாத இடத்தில் குழந்தையோடு தரையில் உட்கார வேண்டும். முதல் நாள் அது ஒன்றும் பேசாது. மூன்றாம் தடவை ஒரு வார்த்தை விழலாம். அதற்கு அதே ஆள் மூன்றாம் தடவையும் வந்திருக்க வேண்டும்.

அந்த அதே ஆள்தான் கிடைப்பதில்லை. 2023 செப்டம்பர் கணக்குப்படி, இங்கிலாந்தில் குழந்தைகள் சமூகப் பணியிடங்களில் ஐந்தில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவானவை காலி. ஏழாயிரம் பேருக்கு மேல் ஏஜென்சி வழியாக வந்த தற்காலிகப் பணியாளர்கள். ஒருவருக்குச் சராசரி 16 கேஸ். கேஸ் என்றால் இங்கே பெரும்பாலும் ஒரு குழந்தை. பதினாறு குழந்தை, பதினாறு குழந்தைகளின் பெற்றோர், பள்ளி, வக்கீல். வேலை தாங்காமல் ஒருவர் விலகினால் அவர் கேஸ்கள் பக்கத்து மேசைக்குப் போகும். அப்புறம் பக்கத்து மேசையும் காலியாகும்.

மன்ரோ சொன்ன தீர்வுகளில் சில நடந்தன. வழிகாட்டி நூறு பக்கத்துக்குள் சுருங்கியது. இரண்டு மதிப்பீடுகள் ஒன்றாகி, 45 வேலை நாள் என்ற ஒரே வரம்பு வந்தது. அவர் சொன்னதில் முக்கியமானது நடக்கவில்லை: ஒரு முடிவை, அன்றைக்கு என்ன தெரிந்திருந்தது, எப்படி யோசித்தார்கள் என்பதை வைத்து எடைபோட வேண்டும், பின்னால் என்ன நடந்தது என்பதை வைத்து மட்டும் அல்ல. கேட்க எளிது. இறந்த குழந்தையின் புகைப்படம் முதல் பக்கத்தில் இருக்கும்போது இதைச் சொல்லும் அமைச்சர் யார்?

மனிதரால் முடியாததைக் கணினி செய்யட்டும் என்றும் முயன்றார்கள். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரை உள்ளடக்கிய அலெகேனி மாவட்டத்தில் 2016 முதல், புகார் அழைப்பு வந்தவுடன் அரசுத் தரவுகளை அலசி 1 முதல் 20 வரை மதிப்பெண் தரும் மென்பொருள் இருக்கிறது. நியூசிலாந்திலும் இப்படி ஒரு ஆய்வு முன்மொழியப்பட்டது. 2015-இல் அமைச்சர் ஆன் டோலி, இவர்கள் குழந்தைகள், சோதனைக்கூட எலிகள் அல்ல என்று ஓரத்தில் கைப்பட எழுதி நிறுத்தினார். எனக்கு இதில் ஒரு சந்தேகம்தான். அரசுத் தரவில் அதிகம் பதிவாவது அரசு உதவியை நாடும் ஏழைகளின் வாழ்க்கை. தனியார் மருத்துவரிடம் போகும் வசதியான வீட்டின் அடிஉதை எந்தத் தரவில் ஏறும்? பன்னிரண்டில் ஒன்று என்ற கணக்கையும் மென்பொருள் மாற்றிவிடாது.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2010-க்குப் பிறகான சிக்கன ஆண்டுகளில் கவுன்சில்கள் முதலில் கைவைத்தது தொடக்கநிலை உதவிகளில்: சிறுகுழந்தைகளுக்கான மையங்கள், குடும்ப ஆலோசனை. சட்டப்படி செய்தே தீர வேண்டியவற்றில் கைவைக்க முடியாது. ஆகவே உதவி சுருங்கியது, விசாரணை பெருத்தது. 2024 மார்ச்சில் அரசுப் பராமரிப்பில் இருந்த குழந்தைகள் 83,000-க்கும் மேல். 2022-இல் ஜாஷ் மக்அலிஸ்டர் தலைமையில் குழந்தைகள் சமூக சேவை பற்றி வந்த மறுஆய்வு, இப்படியே போனால் 2032 வாக்கில் அது ஒரு லட்சத்தை நெருங்கும் என்றது. விளிம்புக்கு வருமுன்பே குடும்பங்களுக்குக் கைகொடுக்க நான்கு ஆண்டில் 260 கோடி பவுண்டு கூடுதலாகக் கேட்டது. முதலில் ஒதுக்கப்பட்டது அதில் ஒரு சிறு பங்கு.

கான்டாக்ட்பாயின்ட் என்ன ஆனது? 2010-இல் புதிய அரசு வந்ததும், தனியுரிமைக்கு ஆபத்து என்றும் வீண் செலவு என்றும் சொல்லி அதை அணைத்துவிட்டார்கள். 2024 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைத்த மசோதாவில் குழந்தைகளுக்குத் தனித்துவ அடையாள எண், பள்ளிக்கு வராத குழந்தைகளுக்குப் பதிவேடு என்று யோசனைகள் திரும்ப வந்தன. அந்த மாதம்தான் சாரா ஷரீஃப் கொலை வழக்கில் தீர்ப்பு வந்திருந்தது.

சாரா, லண்டனுக்குத் தென்மேற்கே வோக்கிங்கில் இருந்த பத்து வயதுச் சிறுமி. 2023 மார்ச்சில் முகத்தில் காயத்தைப் பார்த்துப் பள்ளி தகவல் சொன்னது. ஆறு நாளில் ஃபைல் மூடப்பட்டது. ஏப்ரலில் வீட்டிலேயே படிக்க வைக்கிறோம் என்று பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். அப்படி நிறுத்தும் குழந்தையைப் போய்ப் பார்க்கக் கவுன்சில் ஊழியர்கள் கிளம்பியது ஆகஸ்ட் 7 அன்று. அவர்களிடம் இருந்தது பழைய முகவரி. அந்த வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு அலுவலகம் திரும்பிய பிறகே தவறு தெரிந்தது. அடுத்த வருகையைச் செப்டம்பருக்குக் குறித்து வைத்தார்கள். சாரா ஆகஸ்ட் 8 அன்று இறந்தாள்.